கேரளப் பல்கலைக்கழகம்: எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரள-தமிழ்நாட்டு எல்லையில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் இரண்டு மொழியும். நான் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் தமிழ் எம்.ஏ. படித்தவன். அதனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வெள்ளறடை, பனச்சமூடு, கொல்லங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் பெற்றோரோடு திண்ணைக்கு வந்துவிடுவார்கள். வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் வலிக்காது என்று நினைத்ததன் பலன் இது.

"திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், கேரளப் பல்கலைக்கழகம்: இரண்டும் ஒன்றா, வேறா?"

ஒன்றுதான், பெயர்தான் மாறியது. 1937 நவம்பர் 1-ஆம் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனத்தால் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் பிறந்தது. மகாராஜாவே வேந்தர், திவான் சர் சி.பி. ராமசுவாமி ஐயர் முதல் துணைவேந்தர். அதுவரை இங்குள்ள கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. கேரள மாநிலம் உருவான பின் 1957-இல் புதுச் சட்டம் வந்து இன்றைய பெயர் வந்தது. கோழிக்கோடு (1968), கொச்சி (1971), கோட்டயம் (1983) என்று பிற்பாடு தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் தோன்றத் தோன்ற இதன் எல்லை சுருங்கியது. இப்போது திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை மாவட்டங்களும் பத்தனம்திட்டையில் ஒரு பகுதியும் இதன் கீழ் வருகின்றன.

அந்தத் தேதியைக் கவனித்தீர்களா? சரியாகப் பத்தொன்பது ஆண்டு கழித்து, 1956-இல் அதே நவம்பர் 1-ஆம் தேதிதான் மாநில எல்லையும் மாறியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா, அதாவது நாங்கள், இந்தப் பக்கம் நின்றோம்.

"தாத்தா நாகர்கோவிலில் படித்தவர். அவர் சர்டிபிகேட்டில் எப்படி திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது?"

போன வருடம் ஒரு பெண் அந்தச் சான்றிதழையே மடித்து எடுத்துவந்து காட்டினாள். காரணம் எளிது. தாத்தா படித்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்தது. 1893-இல் தொடங்கிய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், 1937-க்குப் பின் திருவிதாங்கூர், மாநிலம் பிரிந்ததும் மறுபடி சென்னை, 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் மதுரை, 1990 முதல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். கட்டடம் நகரவில்லை, பட்டத்தில் உள்ள முத்திரைதான் மாறிக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தச் சுந்தரம் பிள்ளை பிறந்தது ஆலப்புழையில். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், அதாவது இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரியில், தத்துவம் கற்பித்தவர். பேரூர்க்கடையில் வீடு கட்டி, தன் ஆசிரியர் ஹார்வியின் பெயரை அதற்கு வைத்தவர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தினமும் காலையில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அவர் எழுதியது. "கேரளத்தில் போய்த் தமிழா?" என்று உங்கள் மாமா கேட்டால் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

"ஐன்ஸ்டீனைத் துணைவேந்தராகக் கூப்பிட்டார்களாமே?"

மாதம் 6,000 ரூபாய் சம்பளத்துக்கு சர் சி.பி. அழைத்தார், பிரின்ஸ்டனுக்குப் போவதாகச் சொல்லி ஐன்ஸ்டீன் மறுத்துவிட்டார் என்பது இங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் கதை. காரியவட்டம் கேன்டீனில் நானும் அதைக் கேட்டேன், எனக்குப் பின் வந்தவர்களுக்கு நானும் சொன்னேன். சாட்சியாகக் கடிதத்தை யாரும் என்னிடம் காட்டியதில்லை. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள், போட்டித் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

"அங்கே தமிழ்த்துறை இருக்கிறதா? பேருக்கா, உண்மையாகவா?"

இதற்குத்தான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்.

தமிழ்த்துறை 1944-இல் தொடங்கியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! மு. இராகவையங்கார் தலைமையேற்றார். அவருக்குப் பின் 1951 முதல் 1954 வரை எஸ். வையாபுரிப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்து முடித்த அதே மனிதர். இளமையில் திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர் என்பதால் ஊர் அவருக்குப் புதிதில்லை.

அடுத்து வந்தவர் வடசேரிக்காரரான வ.அய். சுப்பிரமணியம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் புறநானூற்றுக்குச் சொல்லடைவு (சொற்களின் அகரவரிசை) செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். தமிழ்த்துறைக்குள் மொழியியலைக் கொண்டுவந்து, 1963-இல் மொழியியலுக்கென்று தனித்துறையே தொடங்கினார். 1971-இல் திராவிட மொழியியல் கழகம், 1977-இல் திருவனந்தபுரத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி என்று வேலை விரிந்தது. 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தராக அழைத்தது இவரைத்தான். 1997-இல் ஆந்திர எல்லையில் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் எழுந்ததற்குப் பின்னாலும் இவர் கை உண்டு. அதாவது தமிழுக்கென்று எழுந்த ஒரு பல்கலைக்கழகமும், திராவிட மொழிகளுக்கென்று எழுந்த இன்னொன்றும், காரியவட்டத்து மண்ணைக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தவை. தரவரிசைப் பட்டியலில் இதற்கெல்லாம் மார்க் கிடையாது. என்னைக் கேட்டால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய சாதனை இதுதான்.

எம்.ஏ., ஆராய்ச்சிப் படிப்பு இரண்டும் காரியவட்டத்தில் உண்டு. பி.ஏ. தமிழ் படிக்க நகரத்துக்குள் யூனிவர்சிட்டி கல்லூரி இருக்கிறது. (பாலக்காட்டுப் பக்கத்து ஆட்கள் கேட்டால்: சித்தூர் அரசுக் கல்லூரியிலும் தமிழ் உண்டு, அது கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ்.)

"ஏ பிளஸ் பிளஸ் வாங்கியிருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால்?"

நாக் என்ற தர மதிப்பீட்டுக் குழு கொடுக்கும் உச்சநிலை. நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் எடுத்தால் இந்தத் தரம். கேரளப் பல்கலைக்கழகம் 2022-இல் 3.67 எடுத்தது. கேரளத்தில் முதலில் இதை வாங்கிய பல்கலைக்கழகம் இதுவே. 2003-இல் பி பிளஸ் பிளஸ், 2015-இல் ஏ, அப்புறம் இது. படிப்படியாக ஏறியிருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வேறு. 2024-இல் இந்தியப் பல்கலைக்கழகங்களில் 21-ஆம் இடம், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களை மட்டும் வரிசைப்படுத்திய பட்டியலில் 9-ஆம் இடம். அந்த வருடம் இரண்டாவது பட்டியலில் முதலிடம் நம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. ஆனால் மக்களே, பட்டியல் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துப் போடுவது. நீ சேரப்போகும் கல்லூரியில் உன் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கெஸ்ட் ஆசிரியர் எத்தனை பேர் என்று நேரில் போய்க் கேள். அது பட்டியலில் இருக்காது.

"அங்கே படித்துப் பெரிய ஆள் ஆனவர்கள் யார்?"

நிறைய. நான் மூன்று பேரை மட்டும் சொல்வது வழக்கம்.

எம்.எஸ். சுவாமிநாதன், கும்பகோணத்தில் பிறந்தவர், 1940-களில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தார். பசுமைப் புரட்சி பின்னால் வந்தது. அதே காலத்தில் உழவூர் என்ற கிராமத்து ஏழைத் தலித் குடும்பத்திலிருந்து வந்த கே.ஆர். நாராயணன் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பிடித்துத் தேறினார். 1997-இல் குடியரசுத் தலைவரானார். மூன்றாமவர் எம். பாத்திமா பீவி. யூனிவர்சிட்டி கல்லூரியிலும் அரசு சட்டக் கல்லூரியிலும் படித்தவர். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, பிறகு தமிழ்நாட்டு ஆளுநர். பெண் பிள்ளையை அனுப்பலாமா என்று தயங்கும் அப்பாக்களுக்கு நான் இவரைத்தான் முதலில் சொல்வேன்.

இலக்கியப் பைத்தியம் உள்ளவர்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. எழுத்தாளர் நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். தமிழறிஞர் ஜேசுதாசன் தமிழ் கற்பித்தார், நாவலாசிரியரான அவர் மனைவி ஹெப்சிபா ஆங்கிலம் கற்பித்தார். நாவலாசிரியர் நீல. பத்மநாபன் இங்கே இன்ஜினியரிங் படித்தவர். இவர்கள் ஒரே நகரத்தில் நடமாடிய காலத்தில் நான் பிறக்கவில்லையே என்று இப்போதும் வருத்தம்தான்.

"யார் யார் படிக்கிறார்கள்? நம்மாட்கள் இருப்பார்களா?"

வகுப்பறையில் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, பெண்கள்தான் அதிகம். கேரளத்து உயர்கல்வி முழுக்கவே அப்படி. அப்புறம் வெளிநாட்டுப் பிள்ளைகள். மத்திய அரசின் ஐ.சி.சி.ஆர். (இந்தியப் பண்பாட்டுத் தொடர்புக் குழு) உதவித்தொகையில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வருகிறார்கள். காரியவட்டத்தில் ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் சேட்டன் கடையில் மலையாளத்தில் சாயா கேட்பதைப் பார்த்தால் நமக்கு ஏன் கூச்சம் என்று தோன்றும்.

தமிழ் பேசுகிறவர்கள்? நம் எல்லையோரத்தார், திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைத்தெருப் பக்கத்துக் குடும்பங்கள், செங்கோட்டை வழியாகப் புனலூர் இறங்கி வருபவர்கள், தமிழ்நாட்டிலிருந்து எம்.ஏ.க்கும் ஆராய்ச்சிக்கும் வருபவர்கள். ஹாஸ்டலில் மட்டை அரிசிச் சோறு. குமரிக்காரனுக்கு அது வீட்டுச் சோறு. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் முதல் வாரம் முழி பிதுங்குவார்கள்.

"பெண் பிள்ளைகளுக்கு லீவு சலுகை உண்டாமே?"

உண்டு. 2023-இல் கேரள அரசு, மாதவிடாய் விடுப்பைக் கணக்கில் எடுத்து, மாணவிகளுக்குத் தேர்வெழுதத் தேவையான வருகைப்பதிவை 75 சதவீதத்திலிருந்து 73-ஆகக் குறைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் கேரளப் பல்கலைக்கழகம், பதினெட்டு வயது கடந்த மாணவிகளுக்கு ஆறு மாதம் வரை பேறுகால விடுப்பும் கொடுத்தது. கல்யாணமானதும் படிப்பை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இந்தச் சலுகை இருபது வருடம் முந்தி வந்திருக்கக் கூடாதா?

"மலையாளம் சரியாகத் தெரியாது. சமாளிக்கலாமா?"

பாடம் ஆங்கிலத்தில், மொழிப்பாடம் அந்தந்த மொழியில். ஆகவே படிப்புக்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது தெரிந்த மாதிரி இருக்கும் சொற்களுக்குத்தான். மலையாளத்தில் "அவசரம்" என்றால் வாய்ப்பு. நோட்டீஸ் போர்டில் "அவசரம்" என்று கண்டு, ஏதோ தலை போகிற காரியம் என்று ஆபீசுக்கு ஓடியவன் நான். "சம்சாரிக்கணும்" என்று யாராவது சொன்னால் பேச வேண்டும் என்று பொருள், உங்கள் மனைவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "அபேக்ஷ" விண்ணப்பம், "ஒழிவு" காலியிடம், "பலம்" என்றால் தேர்வு முடிவு. "பட்டி" என்றால் நாய், எனவே உசிலம்பட்டிக்காரர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது நாலு பேர் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்துவிடுங்கள்.

எழுத்தை மட்டும் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். பஸ் போர்டு படிக்க வேண்டாமா? தமிழும் கிரந்தமும் ஓரளவு பார்த்த கண்ணுக்கு ஒரு மாதம் போதும்.

"நாலு வருட டிகிரி என்கிறார்களே, மூன்று வருடம் கிடையாதா?"

2024 ஜூலை 1 முதல் கேரளத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காம் ஆண்டும் இருந்தால் ஹானர்ஸ். வீட்டில் பணக் கஷ்டம் என்றால் மூன்றோடு நிறுத்துவதில் ஒரு கேவலமும் இல்லை.

"எம்.பி.பி.எஸ்., இன்ஜினியரிங்?"

இங்கே தேடாதீர்கள். மருத்துவம் சுகாதாரப் பல்கலைக்கழகத்துக்கும் இன்ஜினியரிங் பெரும்பாலும் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டன.

"பிளஸ் டூ தமிழ்நாட்டில் முடித்தேன். சேர முடியுமா?"

முடியும். ஆனால் இரண்டு விஷயம். முதலாவது, வேறு போர்டிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ படித்தவர்கள் தங்கள் படிப்புக்கு இங்கே தகுதிச் சான்றிதழ் வேண்டுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். மைக்ரேஷன் சர்டிபிகேட் வாங்கும் வேலையையும் தள்ளிப்போடக் கூடாது.

இரண்டாவது, இட ஒதுக்கீடு. அது கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு. நம்மூரில்தான் இதில் சிக்கல் அதிகம். வீடு இந்தப் பக்கம், அம்மா வீடு அந்தப் பக்கம், ரேஷன் கார்டு ஒரு மாநிலம், பள்ளிக்கூடம் இன்னொரு மாநிலம். வில்லேஜ் ஆபீசில் பூர்வீகச் சான்றிதழுக்குப் போய் நிற்கும்போதுதான் ரோட்டில் இல்லாத எல்லைக்கோடு காகிதத்தில் இருப்பது தெரியும். அதனால் ஏப்ரலிலேயே தொடங்குங்கள். டிகிரி விண்ணப்பம் ஆன்லைன் அலாட்மென்ட் முறையில். கையில் கணினி இல்லையென்றால் அக்ஷயா மையம் (கேரளத்து இ-சேவை மையம்). காரியவட்டத்துத் துறைகளில் எம்.ஏ., எம்.எஸ்சி.க்கு நுழைவுத் தேர்வு உண்டு.

"ஓலைச்சுவடி நூலகம் என்று ஒன்று இருக்கிறதாமே?"

காரியவட்டத்தில் இருக்கிறது: கீழ்த்திசை ஆராய்ச்சி நிறுவனமும் சுவடி நூலகமும். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், பெரும்பாலும் பனையோலையில். சமஸ்கிருதம், மலையாளம், தமிழ் எல்லாம் உண்டு. வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் எழுதியவை நிறைய.

இதன் வேர் பல்கலைக்கழகத்தை விடப் பழசு. 1908-இல் திருவிதாங்கூர் அரசு சமஸ்கிருதச் சுவடிகளை அச்சிட ஒரு துறை தொடங்கியது. பொறுப்பேற்றவர் திருநெல்வேலிச் சீமைக்காரரான த. கணபதி சாஸ்திரி. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தவருக்குப் பத்மநாபபுரம் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் ஒரு கட்டு கிடைத்தது. காளிதாசனே பெயர் சொல்லிப் போற்றிய பாசன் என்ற நாடகாசிரியரின் படைப்புகள் காணாமலே போய்விட்டன என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கட்டில் இருந்தவை பாசனுடைய நாடகங்கள் என்று சாஸ்திரி அறிவித்து 1912 முதல் அச்சேற்றினார். எல்லாமே பாசனுடையவைதானா என்று அறிஞர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள், அது அவர்கள் பாடு. மணலிக்கரை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில். சுவடியைத் தேடியவர் திருநெல்வேலிக்காரர், அச்சேறியது திருவனந்தபுரத்தில். இப்போது சொல்லுங்கள், இது எந்த மாநிலத்துச் சாதனை?

இதே மாதிரி இன்னொன்று நகரத்து நடுவில் குன்றின்மேல் இருக்கும் வானாய்வகம். சுவாதித் திருநாள் காலத்தில் 1837-இல் கட்டியது, இப்போது பல்கலைக்கழகத்தின் கையில். 1850-களில் அதன் பொறுப்பாளராக இருந்த ஜான் ஆலன் புரௌன், பூமியின் காந்தப்புலத்தை அளக்க அகத்தியமலை உச்சிக்கே கருவிகளைக் கொண்டுபோனார். அகத்தியர் இலக்கணம் எழுதிய மலை என்று நாம் சொல்கிற இடத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் காந்த ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார்!

"எப்பப் பார்த்தாலும் ஸ்ட்ரைக், அரசியல் என்று டிவியில் காட்டுகிறார்களே?"

அரசியல் உண்டு, மறைக்கவில்லை. மாணவர் யூனியன் தேர்தல் கொடி, முழக்கம் எல்லாவற்றோடும் நடக்கும். பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பேரவையான செனட்டில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் கூட்டத்தில் எழுந்து பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். யூனியன் நடத்தும் கலைவிழாவுக்குப் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள்.

மேலே நடக்கும் சண்டை வேறு. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் ஒத்துப்போகாமல், 2022 அக்டோபரில் காலியான துணைவேந்தர் நாற்காலி நெடுநாள் பொறுப்பு துணைவேந்தரிடமே கிடந்தது. ஏ பிளஸ் பிளஸ் வாங்கிய அதே வருடம் இப்படியும் நடந்தது. பெருமையைச் சொல்கிற வாய் இதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

"தமிழ் படித்தால் கேரளத்தில் என்ன வேலை?"

தமிழ்ப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருப் பக்கம் அரசு தமிழ்ப் பள்ளி இருக்கிறது, தோட்டப் பகுதிகளிலும் பாலக்காட்டிலும் உண்டு. கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கிளார்க் பணியிடங்களுக்குத் தனியாக அறிவிப்பு வெளியிடும். போட்டியிடும் கூட்டம் குறைவு, ஆனால் இடங்களும் குறைவுதான். அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"காரியவட்டத்துக்கு எப்படிப் போவது?"

பல்கலைக்கழகம் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். பாளையத்தில் செனட் ஹாலும் ஆபீசும். வகுப்புகள் நடக்கும் துறைகளில் பெரும்பாலானவை காரியவட்டத்தில், நகரத்துக்கு வடக்கே தேசிய நெடுஞ்சாலையில், கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தை ஒட்டி. அந்த ஸ்டேடியம் நிற்பதே பல்கலைக்கழக நிலத்தில்தான். பாறசாலையிலிருந்தோ குழித்துறையிலிருந்தோ வண்டி ஏறினால் கழக்கூட்டத்தில் நிற்கும் ரயிலா என்று பார்த்து ஏறுங்கள், அங்கிருந்து ஆட்டோ. பஸ் என்றால் தம்பானூரில் இறங்கி மாற வேண்டும். இன்டர்வியூ அன்று காலையில் ரயிலை மட்டும் நம்பாமல் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள், இரண்டு செட் நகல், குடை.